போர்டோ கலவை தெரியும்... போர்டோ படும் பாடு தெரியுமா?

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை நம்ம உழவர்களுக்குப் புதுசு இல்லை. வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, திராட்சைப் பந்தல் என்று எங்கும் அந்தப் பெயரைக் கேட்டிருப்போம். 'போர்டோ' என்பது மருந்துக் கம்பெனியின் பெயர் அல்ல. பிரான்சு நாட்டின் தென்மேற்கில் இருக்கும் ஓர் ஊர். ஒயின் திராட்சைக்கு உலகப் பெயர் பெற்ற வட்டாரம்.

1870களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் அங்கே வந்து சேர்ந்தது. தோட்டம் தோட்டமாக இலை கொட்டியது. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. போற வர்றவங்க பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகள் மேல் துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து நீலமாக அடித்து விடுவார்கள். அந்த ஓரத்துக் கொடிகளில் மட்டும் இலை நிற்பதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் உலகுக்குச் சொன்னார். உழவர் கைவேலை, விஞ்ஞானியின் கண்: இரண்டும் சேர்ந்ததுதான் போர்டோ கலவை.

இப்போது அதே போர்டோவுக்கு இன்னொரு சோதனை வந்திருக்கிறது. இந்த முறை வந்திருப்பது வெயில். அதற்கு எந்தக் கலவையும் கிடையாது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். நமக்கு ஒயின் முக்கியமில்லை. ரகத்தை எப்படித் தேடுகிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

வெயில் கொடியை என்ன செய்கிறது?

பிரான்சின் இன்னொரு பகுதியான பர்கண்டியில் போன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354ஆம் ஆண்டு முதலே எழுத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது தெரிய வந்தது.

'சீக்கிரம் பழுத்தால் நல்லதுதானே?' என்று தோன்றும். இல்லை. பழத்தில் இனிப்பு ஏறுவது ஒரு கணக்கு, புளிப்பு இறங்குவது ஒரு கணக்கு, தோலின் நிறமும் துவர்ப்பும் கூடுவது இன்னொரு கணக்கு. இதமான பருவத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். கடும் வெயிலில் இனிப்பு ஓடிப் போய் முன்னால் நிற்கும். இரவும் சூடாக இருந்தால் புளிப்பு வேகமாகக் கரைந்து விடும். தோல் இன்னும் பக்குவப்பட்டிருக்காது. இனிப்பு கூடினால் நொதித்த பிறகு போதையும் கூடும். சந்தை கேட்கிற சுவை போய்விடும்.

போர்டோவில் அதிகம் இருப்பது மெர்லோ என்ற ரகம். அது சீக்கிரமே பழுக்கிற ரகம். குளிர் மிகுந்த காலத்தில் அதுதான் அதன் பலம். இப்போது அதுவே பலவீனம் ஆகிவிட்டது. குளிர்காலம் சூடாவதால் துளிரும் முன்கூட்டியே வருகிறது. பிறகு ஏப்ரலில் திடீரென்று உறைபனி விழுந்தால் துளிர் அத்தனையும் கருகிப் போகும். 2017இலும் 2021இலும் அப்படித்தான் ஆனது.

நெல் என்றால் அடுத்த பட்டத்தில் வேறு விதை போடலாம். திராட்சைக் கொடி அப்படி அல்ல. ஒரு முறை நட்டால் 30, 40 வருடம் நிற்கும். இன்று நடுகிற கொடி 2050இன் வெயிலையும் தாங்க வேண்டும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு தலைமுறையே அதைச் சுமக்கும். போதாததற்குச் சட்டமும் இருக்கிறது. 'போர்டோ' என்ற பெயரில் விற்க வேண்டுமானால், அனுமதித்த ரகங்களைத்தான் நட வேண்டும்.

52 ரகம், ஒரே தோட்டம்

போர்டோவில் உள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் ஒரு சோதனைத் தோட்டம் போட்டது. 52 ரகங்களை ஒரே நிலத்தில், ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் நட்டார்கள். ஒரே பாத்தியில் வைத்தால், அந்த இடத்து மண் நல்லதா, ரகம் நல்லதா என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? துளிர்த்த நாள், பூத்த நாள், காய் நிறம் மாறிய நாள், இனிப்பு, புளிப்பு, நோய் என்று ஆண்டுதோறும் குறித்தார்கள்.

பத்து ஆண்டு பார்த்த பிறகு, 2019இல் விவசாயிகளின் சங்கம் புது ரகங்களைச் சேர்க்க வாக்களித்தது. 2021இல் ஆறு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது.

கஸ்தே: போர்டோவின் சொந்தப் பழைய ரகம். எல்லாரும் மறந்து, அழியும் நிலைக்கு வந்தது. அடிச்சாம்பல், சாம்பல் நோய், பழ அழுகல் மூன்றையும் ஓரளவு தாங்கும்.

மர்சலான்: 1961இல் கபெர்னே சொவினியோன், கிரெனாஷ் இரண்டையும் கலந்து உருவாக்கியது. விளைச்சல் குறைவு என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அரினார்னோவா: தன்னாவும் கபெர்னே சொவினியோனும் கலந்தது. பழ அழுகல் குறைவு.

தூரிகா நாசியோனல்: போர்ச்சுகலின் வெயில் மண்ணில் பழகியது. தாமதமாகப் பழுக்கும்.

அல்வாரின்யோ: போர்ச்சுகலின் வடக்கிலிருந்து வந்த வெள்ளை ரகம். வெயிலிலும் புளிப்பை விடாது.

லிலியோரிலா: பரோக்கும் ஷார்டனேயும் கலந்த வெள்ளை ரகம். மணம் மிகுந்தது.

அனுமதி கிடைத்ததும் பழைய கொடிகளைப் பிடுங்கி எறிந்து விடவில்லை. ஒரு விவசாயி தன் தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இவற்றை நடக்கூடாது. ஒயினிலும் 10 சதவீதத்துக்கு மேல் கலக்கக்கூடாது. பிழைத்தால் லாபம், பிழைக்காவிட்டால் நட்டம் இருபதில் ஒரு பங்கோடு போகட்டும் என்பதுதான் கணக்கு.

பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தேடிய கொடிகள்

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் டோரஸ் என்ற ஒயின் குடும்பம் 1980களில் ஒரு காரியம் செய்தது. 'உங்கள் நிலத்தில் பெயர் தெரியாத பழைய திராட்சைக் கொடி இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்' என்று உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது.

காரணம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பில்லாக்சரா என்ற வேர் உறிஞ்சும் பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். மறுபடி நடும்போது சந்தையில் ஓடுகிற சில ரகங்களையே நட்டார்கள். மற்றவை வேலியோரத்திலும் புதரிலும் தங்கிவிட்டன. விளம்பரம் பார்த்துச் சொன்னவர்கள் மூலம் இதுவரை 50க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டிருக்கின்றன. அவற்றில் நச்சுயிரி இருந்ததால், திசு வளர்ப்பில் சுத்தம் செய்து பெருக்கினார்கள். கண்டெடுத்த எல்லாமே தேறிவிடவில்லை. ஃபொர்காடா, மொனேவு போன்ற சில ரகங்கள் மட்டும் வெயிலுக்கும் வறட்சிக்கும் நின்று காட்டின.

உலகில் பயிராகிற ஒயின் திராட்சை ரகங்கள் 1,100க்கு மேல். ஆனால் சில நாடுகளில் 80 சதவீதம் வரை நிலத்தைப் பிடித்திருப்பவை வெறும் 12 ரகங்கள்தான். 2020இல் வெளியான ஓர் ஆய்வு 11 ரகங்களை வைத்துக் கணக்குப் போட்டது. வெப்பம் 2 டிகிரி கூடினால், இன்று ஒயின் திராட்சைக்கு ஏற்ற நிலத்தில் 56 சதவீதம் ஏற்றதாக இராது. இடத்துக்குத் தகுந்தபடி ரகத்தை மாற்றினால் இழப்பு 24 சதவீதமாகக் குறையும். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: 4 டிகிரி கூடினால், ரகம் மாற்றினாலும் பாதிக்கு மேல் போய்விடும். ஆக, ரகம் காப்பாற்றும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இயற்கை உழவருக்கு இதில் என்ன?

தாமிரமும் மண்ணில் தங்குகிற பொருள்தான். ஐரோப்பாவில் இயற்கை விவசாயிகள்கூட 7 ஆண்டில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. அதாவது ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 1.6 கிலோ. ஆகவே நோய் தாங்குகிற ரகம் கிடைத்தால், அது தெளிப்பையே குறைக்கும். மருந்தைத் தேடுவதற்கு முன் ரகத்தைத் தேடு என்று நாம் சொல்வது இதைத்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை. மற்ற ஊரில் ஒரே நெல், ஒரே வாழை. பள்ளத்தாக்கு முழுக்க ஒரே ரகம் என்றால் சந்தைக்கு வசதி. வானம் மாறினால் எல்லாருக்கும் ஒரே நாளில் அடி விழும். போர்டோவைப் பார்த்து நாம் செய்யக்கூடியவை:

1. இருபதில் ஒரு பங்கு நிலத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.

2. புது ரகத்தையும் வழக்கமான ரகத்தையும் அருகருகே, குறைந்தது மூன்று இடத்தில் வையுங்கள். ஒரே மூலையில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். துளிர், பூ, அறுவடைத் தேதி, மழை, நோய் ஆகியவற்றை எழுதுங்கள். போன் ஊர்க்காரர்கள் எழுதி வைத்தது 600 வருடம் கழித்து உதவியது.

4. வேலியோரம், கொல்லை, பெரியவர்கள் வீட்டுப் பந்தல் எல்லாவற்றையும் பாருங்கள். பெயர் தெரியாத கொடி இருந்தால் வெட்டும் முன் ஒரு குச்சியாவது எடுத்து வையுங்கள்.

5. ஒரு நல்ல வருடத்தை வைத்தோ ஒரு கெட்ட வருடத்தை வைத்தோ முடிவு எடுக்காதீர்கள். வெயில் ஆண்டும் மழை ஆண்டும் பார்த்த பிறகு பேசுங்கள்.

கஸ்தே கொடியை நினைத்துப் பாருங்கள். லாபம் இல்லை என்று ஊரே கைவிட்டது. எங்கோ சிலர் விடாமல் வைத்திருந்தார்கள். இன்று ஊருக்கு வெயில் வந்ததும் அதைத் தேடி வருகிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு கொடியோ ஒரு பிடி விதையோ யார் வீட்டில் இருக்கிறது? இந்தப் பட்டம் முடியும் முன் போய்க் கேளுங்கள்.