கம்பைலர் நீக்கிய காவல்

நாம் எழுதும் சி மொழி நிரலை எந்திர மொழியாக மாற்றித் தருவது கம்பைலர். இது மொழிபெயர்ப்புக் கருவி மட்டும் அன்று. தேவையற்றவை எனத் தான் கருதும் கட்டளைகளை நீக்கி, நிரலை விரைந்து ஓடச் செய்யும் சிக்கனக் கருவியும் ஆகும். இச்சிக்கனம் சில வேளை கேட்டில் முடிவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

2009ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.30 உட்கருவில் 'டன்' என்னும் வலையமைப்பு இயக்கி இருந்தது. அதன் ஒரு பகுதியில், முதல் வரி ஒரு சுட்டியின் வழியே சென்று நினைவகத்திலிருந்து மதிப்பை எடுத்தது. அடுத்த வரியே, 'இச்சுட்டி சுழியமா?' என்று சோதித்தது. வரிசை முன்பின்னாக இருப்பதைக் கவனியுங்கள்.

ஜிசிசி கம்பைலர் இவ்வாறு வாதிட்டது: சுழியச் சுட்டியைப் பயன்படுத்தினால் என்ன விளையும் என்று சி மொழி விதி வரையறுக்கவில்லை. எனவே அது நேராது என்றே கொள்ளலாம். முதல் வரி சுட்டியைப் பயன்படுத்திவிட்டது. எனவே அது சுழியம் அன்று, சோதனையும் வீண். சோதனை நீக்கப்பட்டது!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தையார் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. அவருக்கு இதை விளக்க நான் சொன்ன உவமை இது: ஒருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார், ஆகவே அவரிடம் சாவி இருந்திருக்கும் என்று முடிவு கட்டிக் காவலாளியை அனுப்பிவிடுவது போன்றது.

சாதாரண நிரலாயின் சுழிய முகவரியைத் தொட்டதும் நின்றுவிடும். உட்கருவின் நிலை வேறு. அக்காலத்தில் சில வழிகளில், பயனர் ஒருவர் அந்த முகவரியிலேயே தம் தரவை வைக்க முடிந்தது. அதை உட்கரு தன்னுடையதாக நம்பிவிடும். இவ்வழியே சாதாரணப் பயனரும் கணிப்பொறியின் முழு அதிகாரத்தைப் பெறலாம் என்பதை 2009 ஜூலையில் பிராட் ஸ்பெங்க்லர் செய்து காட்டினார். பின்னர் வரிகள் இடம் மாற்றப்பட்டன. சுழியச் சோதனைகளை நீக்கலாகாது என்னும் ஆணையும் உட்கருவைத் தொகுக்கும் முறையில் சேர்க்கப்பட்டது.

இது எங்கோ நடந்த கதை அன்று. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸ் உட்கருவின் மீது அமைந்ததே. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றிருந்தது.

கம்பைலர் விதியை மீறவில்லை. நிரலில் சோதனையும் விடுபடவில்லை. அது உரிய இடத்தில் இல்லை, அவ்வளவே. ஆகவே நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் சுட்டியைக் கையாளும்போது முதலில் சோதிப்போம், பிறகு பயன்படுத்துவோம். ஐயம் எழுந்தால், கம்பைலர் ஆக்கித் தந்த எந்திர நிரலையும் ஒருமுறை பார்ப்போம்.