தலைக்குள் ஒரு கவர்னர்!

கவர்னர் என்றதும் கிண்டி கவர்னர் மாளிகைக்குப் போய்விடாதீர்கள். நம்ம மெக்கானிக்கல் பசங்க படம் போட்டு மார்க் வாங்குகிற இன்ஜின் கவர்னரைச் சொல்கிறேன். இரண்டு குண்டுகள் சுற்றும். வேகம் கூடினால் விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் குறைந்தால் திறந்துவிடும். இன்ஜினுக்குச் சக்தி கொடுப்பது அது இல்லை. ஆனால் அது கெட்டுப்போனால் இன்ஜின் ஒரு நிதானத்தில் ஓடாது.

நம் தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே, அப்படி ஒன்று இருக்கிறது. சிறுமூளை. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரே வரிதான்: 'உடலின் சமநிலையைக் காக்கிறது'. ஒரு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், மறந்தோம்.

எடையில் அது மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2009-ல் பிரேசில் விஞ்ஞானிகள் வெளியிட்ட கணக்குப்படி, மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. நிற்கவும் நடக்கவும் மட்டுமா இத்தனை பேர்?

முதல் உலகப் போரில் தலையின் பின்புறம் குண்டு பாய்ந்த சிப்பாய்களை கார்டன் ஹோம்ஸ் என்ற ஐரிஷ் டாக்டர் பரிசோதித்தார். தம்ளரை எடுக்கப் போகிற கை அதைத் தாண்டிப் போகும், திரும்பும், மறுபடி தாண்டும். சரியாக அமையாத கவர்னரில் வேகம் ஏறி இறங்கி அலைபாயுமே, 'ஹண்டிங்' என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. அவருடைய நோயாளி ஒருவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இடது கை தானாக வேலை செய்கிறதாம். வலது கைக்கு மட்டும் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறதாம்.

கைக்கு நடப்பது நினைப்புக்கும் நடக்குமா? இதைத்தான் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜெரமி ஷ்மாமன் கேட்டார். அவரும் ஜேனட் ஷெர்மனும் சிறுமூளை மட்டும் பாதித்த 20 பேரை ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் போடுவது, ஒரு யோசனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, சொற்களைத் தேடி எடுப்பது, இடத்தையும் வடிவத்தையும் மனதில் பிடிப்பது எல்லாமே தடுமாறின. சிலருக்கு உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. சிலர் இடம் பொருள் தெரியாமல் சிறுபிள்ளை மாதிரி நடந்துகொண்டார்கள். கை அளவு தவறுவது போலவே சிந்தனையும் அளவு தவறுகிறது என்பது ஷ்மாமனின் கருத்து. அறிவு எங்கேயும் போய்விடவில்லை, அதை அளந்து விடுகிற ஆள் லீவில் போய்விட்டான்!

இதற்கு வயரிங் இருக்கிறதா என்று எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. பெருமூளையின் முன்பகுதி, அதாவது யோசிக்கிற பகுதி, சிறுமூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து பதில் திரும்பி வருகிறது. சுத்தமான 'குளோஸ்டு லூப்'. இந்தத் திரும்பி வரும் பாதையைக் குரங்குகளில் 1994-லேயே காட்டிவிட்டார்கள். சிறுமூளையின் முன்மடல் பெரும்பாலும் கைகால் அசைவுக்கு. பின்மடல் சிந்தனைக்கு. நடுவில் புழு மாதிரி நீண்டிருக்கிற 'வெர்மிஸ்' உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்டது.

எனக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்றால், என் பெரியப்பா. கொத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்க எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. தள்ளாட்டம் ஓரளவு சரியாச்சு. ஆனால் ஒரு சுவருக்கு எத்தனை கல் என்று வாயாலேயே கணக்குச் சொன்ன மனுஷன், இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இப்போது திணறுகிறார், எரிந்து விழுகிறார். ஒரு சாவு வீட்டில் சிரித்துவிட்டார். தெருவில் 'குடிச்சிட்டு வந்திருக்கான்' என்றார்கள். குடித்தவன் தள்ளாடுவதும் சாராயம் சிறுமூளையைத் தாக்குவதால்தான், அதனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பெரியம்மாவே 'வேணும்னே பண்றார்'னு அழுதாங்க. நான் சொன்னேன்: "பெரியம்மா, தூக்குக்குண்டு நூல் அறுந்துபோச்சு. நூல் இல்லாம சுவர் கோணினா கொத்தனாரையா திட்டுவீங்க?" அதற்கப்புறம் அவங்க ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொல்றாங்க. வீட்டில் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஷ்மாமனின் குழு 2018-ல் பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டது. பெரிய மிஷின் எதுவும் வேண்டாம், பேப்பரும் பென்சிலும் போதும். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது, இரண்டு வகைச் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்ல வருகிறதா, எண்களைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஒரு கனசதுரம் வரையச் சொல்வார்கள். நாம் டிராயிங் ஹாலில் தூக்கக் கலக்கத்திலேயே போட்டுத் தள்ளுகிற அதே கனசதுரம்தான்.