ஆயில் எஞ்சின் சிலிண்டர்: மறுபடி கடைவதா, மாற்றுவதா?

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், அங்கத்தினர்களுக்குப் பொதுவாயிருந்த ஆயில் எஞ்சின் நீலப்புகை கக்கத் தொடங்கிற்று. பஞ்சாயத்தார் கூடி ஆலோசித்து, சிலிண்டரை வியாசர்பாடிப் பட்டறை ஒன்றிற்கு வண்டியிலேற்றி அனுப்பினர். பட்டறைக்காரர் துளையை 0.75 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து கொடுத்தார். அதன் பின்னரே பிஸ்டன் தேடப் புறப்பட்டனர். அவ்வளவுள்ள பிஸ்டன் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. பதினெட்டு நாள் கழிந்தது. நாற்றங்காலில் பாதி காய்ந்தது. வேலையில் குற்றமில்லை, செய்த வரிசையிலேதான் குற்றம்.

தேய்ந்த துளையைக் கடைவதா, புதிது போடுவதா என்னும் வினா துப்பாக்கிக்காரர்களுக்கு நெடுநாட்பழக்கமானது. ரைபிள் குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகள் தேய்ந்தால் குண்டு சரிவரச் சுழலாது, குறி தவறும். குழல் தடிப்பாயிருப்பின் பெரிய அளவிற்குக் கடைந்து வரிகளைப் புதிதாய் வெட்டலாம். ஆனால் தோட்டாவும் அதற்கேற்ப மாற வேண்டும். சுவர் மெலிந்துவிடுமாயின் குழலையே மாற்றுதல் வேண்டும். (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்த்தலாகாது.) 1774-இல் பீரங்கி கடையும் முறைக்கு உரிமை பெற்ற ஜான் வில்கின்சன் என்பவரே பின்னர் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின்களுக்குச் சிலிண்டர் கடைந்து கொடுத்தார். வியாசர்பாடிக்கு வடகிழக்கே திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய என்பீல்டின் பழைய வியாபார வாசகமும் ‘துப்பாக்கியைப்போற் செய்யப்பட்டது’ என்பதே. ஆகவே சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள உறவு பெயரளவினதன்று.

நிற்க. எஞ்சின் வலுக்குறைந்தவுடனே சிலிண்டரைக் குறை கூறலாகாது. வால்வு சரியாக அமராவிடினும் அழுத்தம் குறையும். சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டுக் கையாற் சுழற்றிப் பாருங்கள். அழுத்தம் கூடினால் குற்றம் ரிங்கிலோ சிலிண்டரிலோ உள்ளது. கூடாவிடில் வால்வை முதலிற் பாருங்கள்.

துளை எங்கும் ஒரே அளவாய்த் தேய்வதில்லை. மேல் ரிங்கு திரும்புமிடத்தில் சூடு அதிகம், எண்ணெய் குறைவு. அங்கேதான் தேய்வு மிகுதி. பிஸ்டன் பக்கவாட்டில் அழுந்தும் திசையில், அதாவது கிராங்கு ஷாப்டுக்குக் குறுக்காக, இன்னும் மிகும். ஆதலின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்றிடங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளந்து, ஆறு அளவுகளையும் காகிதத்தில் எழுதித் தருமாறு பட்டறைக்காரரைக் கேளுங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் வேலை கொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

துளையின் ஆதி அளவு 80 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மேலே குறுக்காக 80.22, நெடுக்காக 80.15, கீழே 80.04. இத்தகைய சிலிண்டரில் புது ரிங்கு மட்டும் போடுவது பணத்தை நீரில் விடுவதாகும். சாய்ந்த, நீள்வட்டமான சுவரில் ரிங்கு படியாது. பிஸ்டன்கள் சாதாரணமாய் 0.25, 0.50, 0.75, 1.00 என்று கூடிய அளவுகளில் விற்கின்றன. மிகுந்த தேய்வு 0.22 தானே, 0.25 போதுமென்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தேய்வு முழுவதும் ஒரு பக்கச் சுவரிலேயே இருக்குமாயின், ஆதி மையத்திலிருந்து அப்பக்கத்தின் தூரம் 40.22. மையம் பிறழாது கடைந்து அந்தப் பள்ளத்தை நீக்க, துளை 80.44-க்கு மேல் வரவேண்டும். எனவே வாங்க வேண்டியது 0.50 பிஸ்டன். மையத்தைச் சற்றே நகர்த்தி 0.25-இல் முடிக்கிறேன் என்று யாரேனும் சொன்னால் இணங்க வேண்டாம். துளை தன் நேரிடத்தை விட்டு விலகிப்போம்.

பிஸ்டனும் ரிங்கும் முதலில் கைக்கு வரட்டும். அந்தப் பிஸ்டனை அளந்து, எஞ்சின் செய்தவர் குறித்த இடைவெளி விட்டே கடைய வேண்டும். கடைசி நூலளவைக் கல்லால் ஹோனிங் செய்து, குறுக்குக் கோடுகள் தெரிய விட்டு, சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுதல் அவசியம். கல்தூள் தங்கினால் புதுத்துளையையே தின்னும்.

மாற்றுவது எப்போது? 1.00 வரை முன்னமே கடைந்தாயிற்றென்றால், சுவரில் வெடிப்போ ஆழ்ந்த கீறலோ இருந்தால், தகுந்த பிஸ்டன் கிட்டாவிடில். வெளிப்புறம் நீர் சூழும் லைனராயின் அதைக் கடைந்து சிரமப்படுவதைவிட லைனர், பிஸ்டன், ரிங்கு மூன்றையும் ஒரே தொகுதியாய் மாற்றுவதே மேல். லைனரில்லாத சிலிண்டர் எல்லை மீறினால், சுவர் தடிப்பைப் பார்த்து ஸ்லீவ் இறக்கி ஆதி அளவுக்கே கொண்டுவரலாம்; பழைய பெரிய சிலிண்டர்கள் பலவற்றை இவ்வாறு காப்பாற்றியிருக்கிறார்கள்.

இரண்டு வழிக்கும் விலைப்பட்டியல் வாங்கி, ஆறு அளவுகளுள்ள காகிதத்தோடு நிர்வாகக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானியுங்கள். எஞ்சின் நிற்கும் நாட்களில் வெளியாரிடம் தண்ணீருக்குக் கொடுக்கும் வாடகையும் அக்கணக்கிற் சேரட்டும். மலிவென்று தோன்றியது பல சமயம் அங்கே தலைகீழாகும். சிலிண்டர் தேய்ந்த காரணத்தையும் மினிட் புத்தகத்தில் எழுதிவையுங்கள். காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் அதை மாற்றாமல் புதுப் பிஸ்டன் பூட்டக்கூடாது. பூட்டிய பின் முதல் சில நாட்கள் முழுப்பளு ஏற்றாது ஓட்டி, எண்ணெயை வடித்து மாற்றிய பிறகே வயலுக்கு முறை வைக்கலாம்.