நிலநடுக்கோட்டருகே பிறந்த பனிக்கரடி

மாணவர்களே, சிம்பாங் ரெங்கத்திலிருந்து தெற்கே போனால் இரண்டு மிருகக்காட்சி சாலைகளைப் பார்க்கலாம். ஒன்று, 1928-இல் தொடங்கப்பட்ட ஜொகூர் பாரு மிருகக்காட்சி சாலை. மற்றொன்று, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரின் மண்டாயில் இருக்கிறது. அங்கேதான் 1990 டிசம்பர் 26-ஆம் நாள் ‘இனுக்கா’ பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அது.

பனிக்கரடியின் உடல் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்கென்றே அமைந்தது. தோலுக்கடியில் தடித்த கொழுப்பு; மேலே இரண்டு அடுக்கு உரோமம். வெளி உரோமம் ஒவ்வொன்றும் உள்ளே குழல்போல் வெற்றிடம் கொண்டது. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்தது. 2004-இல் இனுக்காவும் அதன் தாய் ஷீபாவும் பச்சை நிறமாக மாறின! ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்க வைத்தார்கள். பாசியால் கரடிக்குக் கெடுதல் இல்லை. ஆனால், அந்த நிறமே பலரையும் கேள்வி கேட்க வைத்தது.

இனுக்கா 27 வயதுவரை வாழ்ந்தது. காட்டுப் பனிக்கரடிகளில் பெரும்பாலானவை அத்தனை காலம் வாழ்வதில்லை. நல்ல உணவும் மருத்துவமும் கிடைத்ததற்கு இது சான்று. அப்படியானால் அது நன்றாக வாழ்ந்தது என்று சொல்லிவிடலாமா? வாழ்நாளின் நீளம் ஓர் அளவுகோல் மட்டுமே. பகல் முழுதும் அந்த விலங்கு என்ன செய்கிறது என்பது இன்னோர் அளவுகோல்.

கூண்டில் சில விலங்குகள் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓயாமல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘பசி போலிருக்கு’ என்று நாம் நகர்ந்துவிடுவோம். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் இருவரும் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வேறொரு விளக்கம் தந்தார்கள். இயற்கையில் எந்த ஊனுண்ணி பரந்த நிலப்பரப்பில் திரிகிறதோ, அதுவே கூண்டில் அதிகம் இப்படி நடக்கிறது. அதன் குட்டிகளும் அதிகம் இறக்கின்றன. பனிக்கரடிக்குத் தரப்படும் இடம், அது இயற்கையில் திரியும் பரப்பில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என 2006-இல் சிங்கப்பூர் மிருகக்காட்சி சாலை அறிவித்தது. முதுமையும் மூட்டுவலியும் வாட்டிய இனுக்காவை 2018 ஏப்ரல் 25-இல் வேதனையின்றி உயிர்நீக்கச் செய்தார்கள். அதன் இடத்துக்கு வேறு பனிக்கரடி வரவில்லை.

இதை வைத்து எல்லாக் கூண்டுகளையும் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட முடியாது. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-இல் காட்டில் முற்றாக அழிந்தது. கூண்டுகளில் காக்கப்பட்ட மந்தையிலிருந்துதான் 1982-இல் ஓமான் பாலைவனத்துக்குத் திரும்பியது. நம் மலாயாப் புலியோ காட்டில் 150-க்கும் குறைவு. அது அழியாதிருக்கக் கூண்டுப் புலிகள் ஒரு சேமிப்பு. ஆனால், புலியும் நெடுந்தொலைவு திரியும் விலங்குதான். என் பார்வையில் இதுவே மிகக் கடினமான இடம்: இனத்துக்கு நன்மை செய்வது, அந்த ஒற்றைப் புலிக்கு நன்மையாக இருக்க வேண்டுமென்பதில்லை.

அடுத்த சுற்றுலாவில் ஒரு குறிப்பேடு கொண்டு போங்கள். ஒரே ஒரு விலங்கின் முன் 20 நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு நிமிட முடிவிலும் அது தூங்குகிறதா, உண்கிறதா, ஆராய்கிறதா, அதே தடத்தில் நடக்கிறதா என்று குறியிடுங்கள். உணவு நேரத்தையும் மறவாமல் எழுதுங்கள்; அதற்குச் சற்று முன்பு பல விலங்குகள் கூடுதலாக நடமாடும்.