சிறு தோணிக்கு மீன்காட்டுங் கருவி: தெரிவும் பொருத்துதலும்

முகவுரை

உலர் வலயத்துக் குளங்களை அண்டி வாழும் கமக்காரருட் பலர், வயல்வேலை குறைந்த காலங்களில் மீன்பிடியைத் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். 1952ஆம் ஆண்டில் திலாப்பியா மீன் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபின் இத்தொழில் முன்னிலும் பெருகியது. இதற்குப் பயன்படுவன பெரும்பாலும் துடுப்பினால் வலிக்கும் சிறு பைபர் தோணிகளும் வள்ளங்களுமே. அண்மைக் காலத்தில் ‘கயாக்’ எனப்படும் இலேசான பிளாஸ்ரிக் தோணிகளையும் சிலர் வைத்திருக்கின்றனர். இத்தகைய தோணிகளில் எடுத்துச் செல்லத்தக்க மீன்காட்டுங் கருவிகள் இப்பொழுது கடைகளிற் கிடைக்கின்றன.

இக்கருவியை வாங்க எண்ணுவோர் இரண்டு உண்மைகளை முதலில் மனத்திற் பதித்தல் வேண்டும். ஒன்று: இது மீனைக் காட்டுவதிலும் பார்க்க, நீரின் ஆழத்தையும் அடித்தரையின் தன்மையையுமே திருத்தமாகக் காட்டும். மற்றையது: கருவியின் பயன் அதன் விலையிலும் திரையின் பெருமையிலும் இல்லை, அதன் ஒலியுணரி தோணியிற் பொருந்தியிருக்கும் முறையிலேயே உள்ளது.

1. கருவி வேலை செய்யும் விதம்

கருவிக்கு மூன்று உறுப்புக்கள் உண்டு. அவை திரையுள்ள பெட்டி, நீரில் நிற்கும் ஒலியுணரி, மின்கலம் என்பன. ஒலியுணரியைக் கடைக்காரர் ‘ட்ரான்ஸ்டியூசர்’ என்பர். இது காதுக்குக் கேளாத ஒலித் துடிப்புக்களைக் கீழ்நோக்கி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வாங்குகின்றது. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் வேகத்திற் செல்லும். ஒலி போய்வந்த நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கின்றது.

ஒலி மிக நன்றாகத் திரும்புவது, நீருங் காற்றுஞ் சந்திக்கும் இடத்திலிருந்தாகும். மீனின் உடலிலுள்ள காற்றுப்பையே அதனைத் திரையிற் காட்டுகின்றது. அதே காரணத்தால், ஒலியுணரிக்குக் கீழே காற்றுக் குமிழிகள் சேர்ந்தாற் கருவி குருடாகிவிடும். பொருத்துதல் பற்றிப் பின்னர்க் கூறும் விதிகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

2. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மூன்று அடிக்குக் குறைந்த நீரில் இக்கருவியாற் பயன் மிகச் சிறிது. யாழ்ப்பாணக் கடனீரேரியின் ஆழங்குறைந்த பகுதிகளிலும், சிறு கிராமக் குளங்களிலும் தொழில் செய்வோர் இதற்குப் பணஞ் செலவிட வேண்டியதில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிறும் ஒரு நீண்ட கழியும் அவர்களுக்குப் போதும்.

பெரிய நீர்த்தேக்கங்களிற் செவுள்வலை இடுவோருக்கு இது நன்கு பயன்படும். சேனாநாயக்க சமுத்திரம் போன்று, காடு மூழ்கி உண்டான நீர்த்தேக்கங்களில் அடிமரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. அவற்றிற் சிக்கி வலை கிழியுமாயின், பல நாள் உழைப்பு ஓர் இரவில் அழியும். மாலையில் வலையிட்டு விடியற்காலையில் எடுப்பவர், பகலிற் கண்ட மீன் இரவிலும் அவ்விடத்தே நிற்குமென்று நம்புதற்கில்லை. அடிமரமோ இடம் மாறாது. ஆகவே, வலைகாரர் இக்கருவியை மீன் தேடுவதற்கன்றி, வலையைக் காப்பதற்கென்றே வாங்குதல் பொருத்தமானது. தூண்டிற்காரருக்கு மீனின் குறியும் பயன் தரும்.

3. கருவியைத் தெரிதல்

(அ) கூம்பின் அகலம். ஒலி ஒரு கூம்பு வடிவில் விரிந்து இறங்கும். 200 கிலோஹேட்ஸ் அளவிலான ஒலி பொதுவாக 20 பாகை அளவுள்ள ஒடுங்கிய கூம்பையும், 83 கிலோஹேட்ஸ் அளவிலானது 60 பாகை அளவுள்ள அகன்ற கூம்பையும் தரும். அடித்தரையில் இக்கூம்பு மூடும் வட்டத்தின் குறுக்களவு வருமாறு:

ஆழம் 10 அடி: ஒடுங்கிய கூம்பு 3½ அடி, அகன்ற கூம்பு 11½ அடி.
ஆழம் 20 அடி: ஒடுங்கிய கூம்பு 7 அடி, அகன்ற கூம்பு 23 அடி.
ஆழம் 30 அடி: ஒடுங்கிய கூம்பு 10½ அடி, அகன்ற கூம்பு 34½ அடி.

அகன்ற கூம்பு கூடிய இடத்தைத் தேடும். ஆயின் இடத்தைத் திட்டமாகக் காட்டாது. அதன் ஓரத்தில் 10 அடி ஆழத்தில் நிற்கும் ஒரு மரநுனி, தோணிக்கு நேர்கீழே 11½ அடி ஆழத்தில் நிற்பது போலத் திரையிலே தோன்றும். ஆகவே அடிமரம் உள்ள குளத்தில் வலையிடுவோர் ஒடுங்கிய கூம்பையே பயன்படுத்துக. இரண்டையும் மாற்றி இயக்கத்தக்க கருவி கிடைப்பின் அதுவே சிறந்தது.

(ஆ) திரை. நான்கு அல்லது ஐந்து அங்குலத் திரை சிறு தோணிக்குப் போதும். கடையின் நிழலிற் பார்த்து வாங்காது, வெளியே வெயிலிற் கொண்டுவந்து பார்த்தல் வேண்டும்.

(இ) நீர்காப்பு. ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்னுங் குறி உள்ள கருவி, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதடையாது. தோணி கவிழ்தல் இயல்பாதலின் இக்குறி இல்லாத கருவியை வாங்கலாகாது.

(ஈ) இடங்குறித்தல். செய்மதி மூலம் இடத்தைக் குறித்து வைக்கும் வசதி உள்ள கருவி விலை கூடியது. அடிமரங்களை ஒருமுறை குறித்து வைத்தால் ஆண்டுதோறும் பயன்படுமாதலின், வலைகாரருக்கு அவ்விலை தகும்.

(உ) எறிந்து பார்க்கும் கருவி. பந்து போன்ற ஒருவகை உண்டு. அதனை நூலிற் கட்டி நீரிலிட்டாற் படம் கைத்தொலைபேசியிலே தோன்றும். தோணியில் எதனையும் பொருத்த வேண்டாமையால், இரவற் தோணியில் தொழில் செய்வோருக்கு இது ஏற்றது. ஆயின் நீர்ப்பாசியிற் சிக்கி அறுந்து போகலாம். தொலைபேசியையும் நனையாமற் காத்தல் வேண்டும்.

கருவியின் விலையோடு மின்கலம், மின்னேற்றி, தாங்கி என்பவற்றின் விலையையுங் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

4. ஒலியுணரியைப் பொருத்துதல்

எம்முறையைக் கையாண்டாலும் நான்கு விதிகள் பொதுவானவை: ஒலியுணரியின் முகம் நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும், அதன் முன்னே நீரைக் கலக்கும் பொருள் எதுவும் இருத்தலாகாது, துடுப்பு விழும் இடத்திலிருந்து விலகி நிற்றல் வேண்டும், வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அமைதல் வேண்டும்.

முதலாம் முறை: பக்கத்தண்டு. ஓர் அங்குலப் பீ.வீ.சீ. குழாயின் கீழ்நுனியில் ஒலியுணரியைத் திருகாணியால் இறுக்கி, மேற்பகுதியைத் தோணியின் விளிம்பிற் பிணைத்த பலகையிலே பொருத்துக. உணரியின் முகம் தோணியின் அடிப்புறத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே நிற்றல் நன்று. தண்டை அசையாதபடி ஆணியடித்து இறுக்கலாகாது. ஒரே திருகாணியிற் சுழலவிட்டு, றப்பர்ப் பட்டியால் நிலைநிறுத்துக. அடிமரத்தில் இடித்தால் தண்டு பின்னோக்கி மடியும். உணரி உடையாது, தோணியுங் கவிழாது. கரையை அடையுமுன் தண்டை மேலே மடித்து விடுக. தோணியிலே துளையிட வேண்டாமையாலும், கழற்றி வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தக்கதாகையாலும் தொடக்கக்காரருக்கு இம்முறையே ஏற்றது.

இரண்டாம் முறை: தோணியின் உள்ளே ஒட்டுதல். ஒலி திண்ணிய பைபரையும் கயாக்கின் பிளாஸ்ரிக்கையும் ஊடுருவிச் செல்லும். மரத்தையும், இரண்டு தகடுகளுக்கிடையே நுரை வைத்துச் செய்த அடிப்புறத்தையும் நன்கு ஊடுருவாது. ஒட்டுமுன் பரீட்சித்தல் அவசியம். முதலில் உணரியைத் தோணியின் பக்கத்தே நீரில் தொங்கவிட்டு ஆழத்தைக் குறித்துக் கொள்க. பின்னர், நீர் நிரப்பிய மெல்லிய பிளாஸ்ரிக் பையினுள் உணரியை இட்டு, ஒட்ட எண்ணிய இடத்திலே வைத்துப் பார்க்க. இரண்டு ஆழமும் ஒத்திருந்து, படமும் தெளிவாக இருந்தால் அவ்விடம் தகுதியானது. அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, ‘எப்பொக்சி’ப் பசையில் ஒரு குமிழியும் தங்காதபடி அழுத்தி ஒட்டுக. உணரி இடிபடாமல் இருப்பது இம்முறையின் நன்மை. நீரின் வெப்பநிலையை அது சரியாகக் காட்டாமையும், படம்போலத் தெளிவாகக் காட்டும் உயரதிர்வு உணரிகளுக்கு இம்முறை பொருந்தாமையும் குறைகளாம்.

மூன்றாம் முறை: கயாக்கின் அடிப்புறக் குழி. சில கயாக்குகளில் உணரிக்கென்றே அடியில் ஒரு குழி அமைந்துள்ளது. வேறு சிலவற்றில் நீர்வடியுந் துளை வழியாக அதனைப் பொருத்தலாம். உணரியின் முகம் அடிமட்டத்துக்கு வெளியே துருத்துமாயின் மணலில் இழுக்கும்போது தேய்ந்து கெடும்.

5. மின்கலமும் கம்பியும்

இக்கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ற்று மின்கலத்தால் இயங்குவன. கணினிக்கு மின்தடைக்காலத்தில் உதவும் பெட்டிகளிலுள்ள 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி ஈய மின்கலம் எளிதிற் கிடைக்கும். கருவி அரை அம்பியர் மின்னை எடுக்குமாயின், கணக்கின்படி 14 மணி நேரம் இயங்கும். ஈய மின்கலத்தை முற்றாக வெறுமையாக்கினால் அது விரைவிற் கெடுமாதலின், பாதியளவாகிய 7 மணி நேரத்தையே கணக்கிற் கொள்க. இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம் இதன் பாதி நிறையும் இல்லாதது, விலை கூடியது.

மின்கலத்தை மூடியுள்ள பெட்டியில் வைத்துத் தோணியின் நடுவே தாழ்வாகக் கட்டுக. சிவப்புக் கம்பியில், மின்கலத்துக்கு அண்மையில், கருவியோடு வந்த கைநூலிற் குறித்த அளவான உருகியைப் பொருத்துக. உணரியின் கம்பி நீளமாயின் அதனை வெட்டலாகாது. சுருட்டிக் கட்டி வைக்க. உவர்நீரிற் பயன்படுத்தினால் உணரியையும் கம்பி முனைகளையும் அன்றன்றே நன்னீரால் துடைத்தல் வேண்டும்.

6. சோதித்தலும் படத்தை வாசித்தலும்

கருவியை நம்புமுன் ஈயக்குண்டுக் கயிற்றினால் மூன்று இடங்களில் ஆழத்தை அளந்து ஒப்பிடுக. உணரி நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும் அளவைத் திரையின் எண்ணோடு கூட்டிக் கொள்ளல் வேண்டும்.

திரையின் வலது ஓரமே இப்போதுள்ள நிலை, இடப்புறமுள்ளது கடந்துபோனது. தோணி அசையாது நின்றாலும் படம் ஓடிக்கொண்டேயிருக்கும். கூம்பினூடே கடந்து செல்லும் மீன் வில்போலத் தோன்றும். தோணியும் மீனும் அசையாது நின்றால் நேர்கோடாகத் தோன்றும். வன்தரை தடித்த தெளிவான கோடாகவும், சேறு மெலிந்து மங்கிய கோடாகவும் காணப்படும். தரையிலிருந்து மேலே எழுந்து நிற்கும் அடையாளம் மரமாதல் கூடும். மீனுருவத்தை வரைந்து காட்டும் வசதியை நிறுத்தி வைத்தலே நன்று. இலை, குமிழி முதலியவற்றையும் கருவி மீனென்று வரைந்துவிடும்.

7. குளத்தைக் குறித்து வைத்தல்

நமது குளங்களின் நீர்மட்டம் மாரிக்கும் கோடைக்கும் இடையே பல அடி மாறுபடும். ஆகவே இன்று 12 அடி என்று எழுதியது மூன்று மாதத்தின் பின் பொய்யாகும். ஒவ்வொரு முறையும் குளக்கட்டின் துருசிலுள்ள நீர்மட்ட அளவுகோலை வாசித்து, அதனையும் ஆழத்தோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதுக. ஒரு போகம் இவ்வாறு எழுதினால், அடிமரம், கற்பாறை, பழைய ஆற்றுவழி, மடு ஆகியவை அடங்கிய குளப்படம் ஒன்று கையிற் கிடைக்கும். கருவி பழுதுற்றாலும் அப்படம் பயன்படும். சங்கத்தார் பலர் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி இவ்வேலையைச் செய்தல் சிக்கனமானது.

8. பாதுகாப்பு

உயிர்காப்பு அங்கியின்றிச் செல்லலாகாது. முதலை வாழும் குளங்களில் உணரியைச் சரிசெய்யக் கையை நீரிலிடுதல் ஆபத்து. கரையிலேயே எல்லாவற்றையும் இறுக்கிக் கொள்க. சோளகம் பலமாக வீசும் வேளையிலும் இடிமுழக்கம் கேட்கும் வேளையிலும் திரையைப் பாராது வானத்தைப் பார்த்துக் கரைசேர்க.

9. மடுவைக் காத்தல்

கோடையில் நீர் வற்றும்போது எஞ்சிய மீன் யாவும் ஆழமான மடுவில் ஒதுங்கும். அம்மடுவை இக்கருவி சில நிமிடத்திற் காட்டிக்கொடுக்கும். அங்கே வலையை வளைத்து எல்லாவற்றையும் அள்ளுவோருக்கு ஒரு நாள் வருவாய் உண்டு. வரும் மாரியிற் குளத்தை நிரப்பத் தாய்மீன் இராது. ஆகையால், மடு எதுவென்று கண்டறிந்த சங்கம், நீர் குறைந்த காலத்தில் அங்கு வலையிடுவதில்லை என்று தீர்மானித்தல் வேண்டும். சட்டம் விதித்த வலைக்கண் அளவையும் அனுமதிப்பத்திர ஒழுங்கையும் எக்கருவி வந்தாலும் கைவிடலாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஆழங்குறைந்த நீருக்கு இக்கருவி வேண்டாம்.
2. அடிமரமுள்ள குளத்துக்கு ஒடுங்கிய கூம்பே ஏற்றது.
3. உணரியின் கீழே காற்றுக் குமிழி தங்கவிடலாகாது.
4. இடித்தால் மடியுமாறு தண்டைப் பொருத்துக.
5. ஈயக்குண்டால் அளந்து பார்த்த பின்னரே திரையை நம்புக.
6. ஆழத்தோடு குளத்தின் நீர்மட்டத்தையும் எழுதி வைக்க.
7. கோடையில் மடுவை விட்டுவைக்க.