கம்ப்யூட்டர் கணக்கை எத்தனை காலம் காப்பது?

பேரேடும் சிட்டையும் இருந்த காலத்தில் பழைய கணக்குகளைத் துணியில் கட்டிப் பரணில் போட்டு வைத்தோம். கரையானும் மழை ஒழுக்கும்தான் அவற்றுக்கு எதிரி. இன்று நம் கடைகளில் பெரும்பாலும் கணக்கு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அது கெட்டால் எல்லா வருடக் கணக்கும் ஒரே நாளில் போய்விடும். ஆகவே எதை, எத்தனை காலம், எங்கே வைப்பது என்பதை முதலாளியே முடிவு செய்ய வேண்டும். கணக்குப்பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடும் காரியமல்ல இது.

"ஆறு வருடம் போதும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் கோளாறு. ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆவது பிரிவின்படி, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2023-24 கணக்கைப் பார்ப்போம். வருடம் முடிந்தது 31-3-2024. அதிலிருந்து எண்ணுகிறவர் 2030 மார்ச் முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார். ஆனால் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 31-12-2024. ஆகவே 2030 டிசம்பர் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். அப்பீல், விசாரணை ஏதும் இருந்தால், அது தீர்ந்து ஓராண்டு அல்லது மேற்படி 72 மாதம், எது பிந்தியதோ அதுவரை. லிமிடெட் கம்பெனிகளுக்குக் கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள். கடைக்காரர்களும் 8 வருடம் என்றே வைத்துக்கொண்டால் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம் என்பது நம் கருத்து. வழக்குள்ள வருடத்தை மட்டும் தனியே கட்டி வைக்கலாம்.

சில கொள்முதல் பில்கள் வழவழப்பான ரோல் பேப்பரில் வருகின்றன. நாளடைவில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். கட்டிய வரியைக் கழித்துக்கொண்டதற்கு அந்தப் பில்தானே சான்று!

இனி பேக்கப். விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி வைக்கவேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது. ஒரே பென் டிரைவில் தினமும் பழையதன்மேல் எழுதுவது போதாது. செவ்வாய்க்கிழமை கெட்ட கணக்கைச் சனிக்கிழமை கண்டுபிடித்தால், அதற்குள் நல்ல பிரதி அழிந்திருக்கும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பிரதி, மாத முடிவுக்கு ஒன்று, ஆடிட் முடிந்தபின் வருடத்துக்கு ஒன்று என்று வைப்பது நல்லது. வருடப் பிரதிதான் 8 ஆண்டுகள் இருக்க வேண்டியது. அதில் ஒன்று கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல வந்தால் கம்ப்யூட்டரோடு மேசை டிராயரும் சேர்ந்துதான் நனையும். கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், சொருகி வைத்த டிரைவையும் பூட்டிவிடும். பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் பிரதியைத் திறந்து, சரக்கிருப்பும் பாக்கிதாரர் நிலுவையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நடப்புக் கணக்கின்மேல் திறந்துவிடக் கூடாது. சாப்ட்வேர் மாற்றும்போது பழைய வருடங்களையும் புதியதில் திறந்து பார்த்தபிறகே பழையதை எடுக்கவேண்டும். பாஸ்வேர்டை முதலாளி தம் கைப்பட எழுதி வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கட்டும்.