கடனா, பங்கா? – ஜான் டோரை முன்வைத்து ஒரு வணிகவியல் வகுப்பு

மேல்நிலை வகுப்பில் துணிகர முதலீடு என்று சொன்னதும், "வட்டி எவ்வளவு சார்?" என்ற கேள்விதான் முதலில் வரும். வீட்டில் மாணவர்கள் பார்த்தது நகைக்கடனும் தவணையும்தானே. ஆகவே வரையறையை எழுதிப் போடும் முன் ஒரு கணக்கைப் போடச் சொல்லலாம்.

பத்துத் தொழில்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் தருகிறோம். ஏழு மூழ்கிவிடுகின்றன. 12 சதவீத வட்டிக் கடனாக இருந்தால், ஓராண்டில் மற்ற மூன்றிலிருந்து வருவது 3.36 லட்சம். பங்காகப் போட்டிருந்து, இரண்டில் போட்ட பணம் மட்டும் திரும்பி, ஒன்று பதினைந்து மடங்கானால் 17 லட்சம். கடன் கொடுப்பவர் ஏன் அடமானம் கேட்கிறார் என்பதை இனி மாணவர்களே சொல்வார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஜான் டோர். இன்டெல்லில் பணியாற்றிவிட்டு, 1980இல் கலிபோர்னியாவின் கிளைனர் பெர்கின்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர். அந்நிறுவனம் 1996இல் அமேசானில் 80 லட்சம் டாலரும், 1999இல் கூகுளில் சுமார் 1.2 கோடி டாலரும் போட்டது. கூகுளில் கிடைத்த பங்கு ஏறத்தாழ 12 சதவீதம். இங்கேயே நிறுத்தினால் பாடம் வெறும் வெற்றிக்கதையாகிவிடும். அந்நிறுவனம் பணம் போட்ட மின்சாரக் கார் நிறுவனமான ஃபிஸ்கர் 2013இல் திவாலானது. இப்படி மூழ்கும் பங்குப் பணத்துக்காக நிறுவனர் தம் வீட்டை விற்க வேண்டியதில்லை, நட்டம் போட்டவருடையது. (துணிகர நிதிகளில் பெரும்பகுதி ஓய்வூதிய நிதியங்களும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் ஒப்படைத்த பணம் என்பதையும் விட்டுவிட வேண்டாம்.)

டோரும் அவர் மனைவி ஆனும் 2022இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு 110 கோடி டாலர் வழங்கினார்கள். காலநிலை, நிலைத்த வளர்ச்சி பற்றிய புதிய கல்விப் புலம் அதில் உருவானது. ஆனால் நம் வகுப்புக்கு அதைவிடப் பயன்படுவது 1998இல் அவரும் சேர்ந்து தொடங்கிய நியூஸ்கூல்ஸ் வென்ச்சர் ஃபண்ட். பள்ளிகள் நடத்தும் புதிய அமைப்புகளுக்குத் துணிகர முதலீட்டுப் பாணியில் நன்கொடை தரும், இலாப நோக்கற்ற அமைப்பு அது. இப்போது கரும்பலகைக் கணக்குக்குத் திரும்புங்கள். பத்தில் ஏழு நிறுவனங்கள் மூழ்கலாம். பத்தில் ஏழு பள்ளிகள் மூழ்கினால் அங்கே படித்த பிள்ளைகள்? விவாதத்துக்கு கால் மணி நேரம் ஒதுக்குங்கள்; விடையை முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

மதிப்பீட்டுக்கு: தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஏற்றது கடனா, பங்கா? பதினைந்து மடங்கு வளராத தொழிலில் துணிகர முதலீட்டாளர் பணம் போடுவாரா?